ஜீன்ஸுக்கு ஏற்ற பருத்தி டீ-சர்ட்: டெல்டாவில் இருந்தபடி வடிவமைக்கத் தொடங்குவது எப்படி?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கல்லூரி விடும் நேரத்தில் வாசல் பக்கம் நின்று பாருங்கள். கீழே ஜீன்ஸ், மேலே டீ-சர்ட். அந்த டீ-சர்ட்டுகளில் பலவற்றில் புரூக்ளின், கலிஃபோர்னியா என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். போட்டிருப்பவர் வலங்கைமானிலிருந்து பஸ் ஏறி வந்தவராக இருப்பார். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர் ஃபிளக்ஸ் கடைகளிலும் பத்திரிகை அடிக்கும் கடைகளிலும் நன்றாக டிசைன் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொந்தமாக டீ-சர்ட் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால் எங்கே தொடங்குவது, பணம் எதில் வீணாகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் கணினியில் ஒரு வெற்றுச் சட்டைப் படத்தை வைத்துக்கொண்டு அதன் நெஞ்சில் படம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் திரையில் ஜீன்ஸ் இருக்காது. போட்டுக்கொண்டு நடப்பவர் உடம்பிலோ இடுப்புக்குக் கீழே முழுக்க நீலம்தான். சட்டையின் நிறம், நீளம், துணியின் கனம், படம் உட்காரும் இடம் எல்லாவற்றையும் அந்த நீலம்தான் தீர்மானிக்கிறது. அதனால் வேலையை ஜீன்ஸிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஜீன்ஸ்

வீட்டில் இருக்கும் ஜீன்ஸ் ஒன்றை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு உற்றுப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் கலந்து சாய்வுக் கோடுகளாக ஓடும். ஜீன்ஸ் துணியான டெனிமில், நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் இண்டிகோ என்னும் நீலச் சாயம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். உள்பக்கம் வெளுப்பாகத் தெரிவது அதனால்தான். திருபுவனம் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இண்டிகோ நூலின் நடுவரை இறங்குவதில்லை. மேலாகத்தான் பிடித்திருக்கும், உரசினால் உதிரும். ஜீன்ஸ் தேயத் தேய அழகாக வெளுப்பதற்கும், புது ஜீன்ஸோடு போட்ட வெள்ளை டீ-சர்ட்டின் கீழ் ஓரம் நீலம் பாய்வதற்கும் காரணம் ஒன்றுதான். நம் பக்கத்து வியர்வையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஜீன்ஸின் இடுப்புப் பகுதியை நாலு தேய் தேய்த்தால் எவ்வளவு சாயம் வருகிறது என்று தெரிந்துவிடும். வெள்ளை டீ-சர்ட் விற்கப் போகிறீர்கள் என்றால், 'புது ஜீன்ஸை இரண்டு மூன்று தடவை தனியாக அலசிவிட்டு இதோடு போடுங்கள்' என்று ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்து உள்ளே வையுங்கள். புகார் பாதியாகக் குறையும்.

இன்னொன்று, ஜீன்ஸில் நீலம் மட்டும் இல்லை. தையல் நூல் கடுகு மஞ்சளும் செம்பு நிறமும் கலந்த ஒரு நிறம். பை ஓரங்களில் செம்பு ரிவெட். ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873-இல் காப்புரிமை வாங்கியதே இந்த ரிவெட்டுக்குத்தான். நீங்கள் போடும் படத்தில் ஒரே ஒரு இடத்தில் அந்தச் செம்பு நிறத்தை வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, பொருந்தியிருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

சட்டையின் நிறத்துக்கு வருவோம். கருநீல ஜீன்ஸுக்கு அரை வெள்ளை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, பாட்டில் பச்சை எல்லாம் நன்றாக இருக்கும். வெளுத்த ஜீன்ஸுக்குக் கறுப்பும் மரூனும் எடுப்பாக இருக்கும். நடுத்தர நீல ஜீன்ஸின் மேல் நேவி புளூ டீ-சர்ட் மட்டும் வேண்டாம். இரண்டும் ஒன்றுபோலவும் இல்லாமல் வேறாகவும் இல்லாமல், சீருடையைப் பாதி மாற்றிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். அப்புறம் சாம்பல் மெலாஞ்ச், அதாவது வெளிர், அடர் இழைகள் கலந்த சாம்பல் துணி. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. சித்திரை வெயிலில் தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அக்குளிலும் முதுகிலும் வியர்வை கறுப்பாகப் படம் போட்டுவிடும். வெள்ளையில் வியர்வை அவ்வளவாகத் தெரியாது. கறுப்பில் காய்ந்த பிறகு உப்புக் கோடு தெரியும், ஆனால் ஈரம் தெரியாது. முதல் முறைக்கு அரை வெள்ளை ஒன்று, அடர்நிறம் ஒன்று என இரண்டு நிறம் போதும்.

நீளம்

டீ-சர்ட் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு ஜீன்ஸில் ஓர் அடையாளம் இருக்கிறது. ஜிப் போட்ட பட்டையின் நடுப்பகுதி. அதற்கு மேலே ஏறினால் கையைத் தூக்கும்போது வயிறு தெரியும். பைக்கில் குனிந்து உட்கார்ந்தால் முதுகு தெரியும். ரொம்பக் கீழே இறங்கினால் கால் குட்டையாகத் தெரியும். எம் சைஸுக்கு, தோள் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை 27 முதல் 28 அங்குலம் பொதுவாகச் சரியாக இருக்கும். மார்பு அளவை நம் கடைகளில் பெரும்பாலும் எஸ் 38, எம் 40, எல் 42, எக்ஸ்எல் 44 அங்குலம் என்று வைக்கிறார்கள். சட்டையைப் படுக்க வைத்து அளந்தால் இதில் பாதி வரும்.

பெண்களுக்கான நீளம் தனி யோசனை. பெரிய ஊர்களில் இடுப்புக்கு மேலே ஏறிய ஜீன்ஸோடு குட்டை டீ-சர்ட் ஓடுகிறது. இங்கே வாங்கும் பெண்களில் பலர் இடுப்பை மறைக்கும் நீளத்தைத்தான் கேட்பார்கள், அதுவும் வீட்டில் அம்மாவோ அத்தையோ கூட வந்திருந்தால். இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் சைடு ஸ்லிட் விட்டு, நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டினால் உட்காரும்போது ஜீன்ஸ் மேல் சுருண்டு ஏறாது. ஆண்கள் அளவையே சின்னதாக்கி 'லேடீஸ்' என்று விற்பது எனக்குப் பிடிப்பதில்லை. தோள் தொங்கும், கை முழங்கையைத் தொடும்.

துணி

டீ-சர்ட் துணி நெய்வது இல்லை, பின்னுவது. சாதாரண டீ-சர்ட்டுக்குப் போடுவதைச் சிங்கிள் ஜெர்சி என்பார்கள். திருப்பூரில் கடைக்காரரிடம் பேச உங்களுக்கு நாலு வார்த்தை தெரிந்தால் போதும்: நூல் நம்பர், ஜி.எஸ்.எம்., கோம்ப்டு, பயோ வாஷ்.

நூல் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 30-ஆம் நம்பரில் பின்னினால் 150, 160 ஜி.எஸ்.எம். அளவில் துணி வரும். 24-ஆம் நம்பரில் 180 பக்கம், 20-ஆம் நம்பரில் 200 பக்கம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. கோம்ப்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல். துணி மழமழவென்று இருக்கும், பிசிறு குறையும். பயோ வாஷ் என்பது நொதி போட்டு மேற்பரப்புப் பஞ்சை நீக்குவது. ஜீன்ஸின் பெல்ட் உரசும் இடத்தில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரளாமல் இருக்க இந்த இரண்டும் உதவும்.

இப்போது ஒரு சிக்கல். இணையத்தில் எல்லோரும் 220, 240 ஜி.எஸ்.எம். கனமான துணியைப் புகழ்கிறார்கள். அது கொடைக்கானலுக்குச் சரி. நம் பக்கத்தில் வெயிலோடு ஈரமும் சேர்ந்து அடிக்கும். கனத் துணி உடம்பில் ஒட்டும், மழை மாதங்களில் இரண்டு நாளானாலும் காயாது, மடித்து வைத்தால் கரும்புள்ளி பிடிக்கும். சரி, மெல்லியதாக 140-இல் போடலாம் என்றால் அதற்கு ஜீன்ஸ் விடாது. பழைய டீ-சர்ட்டுகளின் முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே, குண்டூசி குத்தினாற்போல் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பூச்சி அரித்தது என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் பூச்சி இல்லை. ஜீன்ஸின் உலோகப் பட்டனுக்கும் மேஜை விளிம்பு, பைக் டேங்க், சமையல் மேடை போன்ற கடினமான ஒன்றுக்கும் நடுவில் துணி மாட்டி நசுங்கி நசுங்கி இழை அறுந்த ஓட்டை அது. துணி மெலிய மெலிய இது சீக்கிரம் வரும்.

அதனால் டெல்டாவுக்கு என் தேர்வு 180 ஜி.எஸ்.எம்., நூறு சதவீதப் பருத்தி, கோம்ப்டு, பயோ வாஷ். வெயிலும் தாங்கலாம், பட்டனும் தாங்கும்.

கடைக்காரர் 180 என்று சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. சரியாக 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, தெரிந்த நகைக் கடையில் தங்கம் நிறுக்கும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 1.8 கிராம் காட்டினால் 180 ஜி.எஸ்.எம். 1.5 காட்டினால் 150-ஐ 180 என்று விற்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் கணக்கு.

சுருக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு துண்டுத் துணியில் பேனாவால் 50 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் குறித்து, துவைத்து, நிழலில் காயவைத்து மறுபடி அளங்கள். 47.5-க்குக் கீழே போனால் சுருக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறது என்று பொருள். நீளவாட்டில் சுருங்கினால் மேலே சொன்ன ஜிப் பட்டைக் கணக்கு முழுக்கத் தப்பிவிடும். காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி அழுத்தும் வேலை, சரியாகச் செய்த துணியில் இந்தத் தொல்லை குறைவு. துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் நகர்கிறதா என்றும் பாருங்கள். சிங்கிள் ஜெர்சியின் பிறவிக் குணம் அது. கொஞ்சம் நகர்ந்தால் விட்டுவிடலாம், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால் அந்தத் துணி வேண்டாம்.

திருப்பூருக்குப் போக மயிலாடுதுறை–கோவை ஜன சதாப்தி வசதி. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாகப் போகிறது. பிற்பகலில் கிளம்புகிற வண்டி என்பதால் இரவு தங்கி மறுநாள் காலையில் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கும். துணி அங்கே கிலோக் கணக்கில்தான் விற்கும். 180 ஜி.எஸ்.எம். துணியில், கழிவு போக, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய நாலு டீ-சர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் தடவையே துணி வாங்கி, வெட்டி, தைத்து என்று இறங்க வேண்டாம். பிளெய்ன் டீ-சர்ட்டாகவே வாங்கி அச்சு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதே நிறத்தில் அதே அளவில் அடுத்த மாதம் கிடைக்காது. தொடர்ந்து விற்க நினைப்பவர், நிரந்தரமாக ஒரே தரத்தில் கொடுக்கும் கம்பெனி ஒன்றைப் பிடிப்பதே நல்லது. வாங்கும்போது கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றியுள்ள பட்டையை, இழுத்துவிட்டுப் பாருங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கழுத்துத் தையலை மறைத்துத் தோளுக்குத் தோள் நாடா வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது.

என்ன வரைவது?

இதில்தான் ஆசை அதிகம், யோசனை குறைவு. தஞ்சாவூர் என்றதும் தலையாட்டி பொம்மை, பெரிய கோயில். இரண்டும் நல்ல விஷயங்கள்தான், ஆனால் பேருந்து நிலையக் கடை வரை வந்துவிட்டன. போடத்தான் வேண்டும் என்றால் உச்சியில் இருப்பது கோபுரமா விமானமா என்றாவது பார்த்து வரையுங்கள். பெரிய கோயிலில் உயர்ந்து நிற்பது கருவறை மேலுள்ள விமானம். வாசலில் இருப்பவைதான் கோபுரங்கள். சாமி உருவத்தைச் சட்டையில் போடுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். துவைக்கும் கல்லில் அடிபடும், ஜீன்ஸோடு சேர்ந்து அழுக்குக் கூடையில் கிடக்கும். நம் பக்கத்து வீடுகளில் அது பலருக்கு உறுத்தும்.

எனக்குப் பிடித்த மூன்று யோசனைகளைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கல்லூரி டீ-சர்ட்டுகளில் வளைவாக ஒரு பெயர், கீழே பெரிய எண் இருக்கும் அல்லவா? அதே பாணியில் மேலே 'ஆடுதுறை', கீழே தடியாக '36'. வெளியூர்க்காரருக்கு ஏதோ விளையாட்டுக் குழு மாதிரி இருக்கும். டெல்டாக்காரர் பார்த்தவுடன் சிரிப்பார், ஏ.டி.டி. 36 குறுவை நெல் அவர் அப்பா நட்டது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கியது. அந்த ஆண்டைச் சின்னதாக ஓரத்தில் வைத்தால் கல்லூரி முத்திரை போலவே அமைந்துவிடும். 43, 45 என்று எண்ணை மாற்றி ஒரு வரிசையே போடலாம்.

இரண்டாவது, பஸ் போர்டு. கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. ஒன்றின் கீழ் ஒன்றாக ஊர்ப் பெயர் மட்டும். படமே வேண்டாம். ஊர்கள் வரிசை தப்பாமல் இருக்க வேண்டும், தப்பினால் அந்த வழித்தடத்தில் தினம் போகிறவர் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது: ஆற்று வரைபடம். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. கல்லணைக் கால்வாயைத்தான் நம் ஆட்கள் புதாறு என்பார்கள். காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடி கோரையாறு, பாமணியாறு என்று கிளை விடும். இத்தனையும் மெல்லிய கோடுகள். பார்ப்பவருக்கு இடப்பக்கம், மேலே தோளருகே ஒரு புள்ளியில் கிளம்பி, கீழே வலப்பக்கம் கடலை நோக்கி விரியட்டும். மேற்கும் கிழக்கும் வரைபடத்தை எதிரே நின்று பார்ப்பவரின் கண்ணுக்குச் சரியாக வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்: பார்ப்பவருக்கு இடப்பக்கம் கல்லணை, வலப்பக்கம் நாகப்பட்டினம். அதாவது புள்ளி தொடங்குவது போடுபவரின் வலது தோள் பக்கம். கோடெல்லாம் அரை வெள்ளை, கல்லணைப் புள்ளி மட்டும் அந்தச் செம்பு நிறம். கீழே இருக்கும் நீல ஜீன்ஸ் கடலாகிவிடுகிறது. சட்டையில் கடலை வரைய வேண்டிய வேலையே இல்லை.

சினிமா வசனம், நடிகர் முகம், கம்பெனி லோகோ இவற்றைத் தொடாதீர்கள். விற்கும், அதே வேகத்தில் வக்கீல் நோட்டீஸும் வரலாம். இணையத்தில் எடுத்த புகைப்படத்தை 'டிரேஸ்' செய்வதும் அப்படித்தான். உங்கள் போனில் நீங்கள் எடுத்த படத்தை வைத்து வரையுங்கள். கருப்பூர் கலம்காரி போன்ற கைவேலையின் வடிவத்தை எடுக்க நினைத்தால், அந்தக் கலைஞர்களிடமே போய்க் காசு கொடுத்து ஒரு வரைவு வாங்குவதுதான் முறை.

தமிழ் எழுத்து

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் அடித்ததும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோவார்கள். எழுத்துரு கெட்டுப்போகவில்லை. அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குள் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்துருவுக்கு முக்தா மலர், பாலூ தம்பி, மீரா இனிமை, அனெக் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருப் பக்கத்தில் கிடைக்கின்றன. விற்கும் பொருளில் பயன்படுத்தவும் தடை இல்லை. பஸ் போர்டுக்கு எழுத்துருவே வேண்டாம், தூரிகையால் எழுதும் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் யாரையாவது பிடியுங்கள். இன்னும் சில பேர் இருக்கிறார்கள்.

தமிழில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணை, ழு போன்றவற்றை ரொம்பச் சின்னதாக்கினால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். சுழியின் உள்வெளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேலே விசிறி, கீழே வால் என்று இரு பக்கமும் நீட்டல் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாக விட வேண்டும். எழுத்தை மேலிருந்து கீழாக அடுக்கும்போது 'கா', 'வி', 'ரி' என்று முழு எழுத்தாகப் பிரியுங்கள். காலைத் தனியாக அடுத்த வரியில் தள்ளிய டீ-சர்ட் கடையிலேயே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒற்றுப் பிழை, ர-ற குழப்பத்துக்கு யாராவது தமிழாசிரியரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். ஐம்பது சட்டை அடித்த பிறகு திருத்த முடியாது.

படம் எங்கே, எவ்வளவு?

கழுத்து ரிப்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே தொடங்கினால் முன்பக்கப் படம் சரியான இடத்தில் உட்காரும். திரையில் பார்க்கும்போது சட்டையின் நடுவில் வைத்தால்தான் அழகாகத் தோன்றும், போட்டால் அது வயிற்றில் இருக்கும். தொப்பை உள்ளவருக்கு இன்னும் கஷ்டம். அகலம் பத்து அங்குலம் போதும், பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். இடது மார்பில் மட்டும் சின்னதாக என்றால் மூன்றரை அங்குலம். கீழே கடைசி ஐந்து அங்குலத்தைக் காலியாக விடுங்கள். பெல்ட், பட்டன், சாயம் எல்லாம் உரசும் இடம் அது. சிலர் டக் இன் செய்வார்கள், அப்போது எப்படியும் மறைந்துவிடும்.

மை அதிகம் பூசாதீர்கள். நெஞ்சு முழுக்க ஒரே பரப்பாகப் பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் மை பூசினால் அதன் அடியில் காற்றே போகாது. பிற்பகலில் அந்தச் சதுரத்துக்குள் மட்டும் வியர்வை வழியும். டெல்டாவுக்குக் கோட்டோவியம்தான் ஏற்றது. புள்ளிக் கோலம், ஆற்று வரைபடம், எழுத்து எல்லாம் துணிக்கு இடம் விட்டு நிற்கும். கோட்டின் தடிமன் வெளிர் துணியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல், அடர் துணியில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

அச்சு

நூறு சதவீதப் பருத்திக்கு சப்ளிமேஷன் பிடிக்காது. அது பாலியெஸ்டருக்கான முறை. மக் பிரிண்ட் போடும் கடைக்காரர் 'இதிலேயே அடித்துத் தருகிறேன்' என்றால், அவர் கொடுக்கும் சட்டை பருத்தியாக இருக்காது, அல்லது அச்சு நிற்காது.

மிச்சம் இரண்டு வழி. ஐந்து பத்து சட்டை என்றால் டி.டி.எஃப். ஒரு பிலிமில் அடித்துப் பசைப் பொடி தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. எத்தனை நிறமும் வரும், அடர் துணியிலும் வரும். தொட்டால் ஸ்டிக்கர் மாதிரி இருக்கும் என்பதும், படத்தில் பாதி ஒளிபுகும் நிழல்கள் இருந்தால் அடியில் வெள்ளை எட்டிப்பார்க்கும் என்பதும் குறைகள். விளிம்புகளைக் கூர்மையாக வைத்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பாக, அச்சாகும் அளவிலேயே 300 டி.பி.ஐ. வைத்துக் கொடுங்கள்.

ஐம்பதுக்கு மேல் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் என்பதால் நிறம் கூடினால் செலவு கூடும். எண்ணிக்கை கூடினால் ஒரு சட்டைக்கு விழும் ஸ்கிரீன் செலவு குறையும். அடர் துணியில் வெளிர் நிறம் அடிக்க அடியில் ஒரு வெள்ளை அடுக்கு வேண்டும், அதையும் ஒரு நிறமாகக் கணக்கிடுங்கள். வெளிர் துணிக்கு வாட்டர் பேஸ் மை கேளுங்கள். துணிக்குள் இறங்கிவிடும், கையில் தட்டாது, காற்றும் போகும். கறுப்புத் துணியில் சாதாரண வாட்டர் பேஸ் மங்கிப்போகும், அங்கே பிளாஸ்டிசால் சரி. ஆனால் பிளாஸ்டிசால் 160 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறினால்தான் வேகும். வெறுமனே வெயிலில் காயவைத்தால் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்து, துவைத்ததும் உதிரும். அச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வெடித்துப் பிளந்தால் வேகவில்லை. கல்யாணப் பத்திரிகை ஸ்கிரீன் அடிக்கும் கடைகளில் திறமைக்குக் குறைவில்லை, ஆனால் மையைச் சூட்டில் வேகவைக்கும் கியூரிங் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலை கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

சாம்பிளும் முதல் ஆர்டரும்

ஒரே ஒரு சட்டை சாம்பிள் அடித்து வாங்கி, ஜீன்ஸோடு போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடுங்கள். பைக் ஓட்டுங்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், தோளில் பை மாட்டுங்கள். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஐந்து தடவை துவைத்துப் பாருங்கள். நீளம் எங்கே நிற்கிறது, கழுத்து தளர்ந்ததா, அச்சில் எங்காவது விரிசலா, கீழ் ஓரம் நீலம் பாய்ந்ததா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கான புகைப்படத்தையும் ஜீன்ஸ் போட்ட ஆளை நிற்க வைத்தே எடுங்கள். தரையில் விரித்து எடுத்த படத்தில் நீங்கள் யோசித்த பாதி விஷயம் தெரியாது.

முதல் ஆர்டரை எஸ் ஒரு பங்கு, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். நம் பக்கத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விற்பதாக இருந்தால் எஸ்-ஐக் குறைத்து எக்ஸ்எல்லைக் கூட்டுங்கள். பொங்கலுக்கு விற்க நினைத்தால் மழைக்கு முன்பே, அதாவது புரட்டாசிக்குள் சாம்பிளை முடித்துவிட வேண்டும். தீபாவளி நெருங்க நெருங்கத் திருப்பூரில் சின்ன ஆர்டரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அச்சகத்தில் கணக்கு முடிக்கும்போது, ஸ்கிரீன் தயாரிக்கப் பயன்படுத்திய பாசிட்டிவ் பிலிமையும், கலந்த மையின் விகிதம் எழுதிய சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனை அவர்கள் அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துவிடுவார்கள். பிலிம் கையில் இருந்தால் இரண்டாம் முறை புதிதாகச் செலவழிக்க வேண்டியது ஸ்கிரீனுக்கு மட்டும்தான், செம்பு நிறமும் முதல் தடவை வந்த அதே செம்பாக வரும்.